உருமியா நகரத்து ஆசிரியை

இன்று ஈரான் என வழங்கும் பாரசீக நாட்டின் வடமேற்கு மூலையில் உருமியா என்னும் உவர் ஏரி ஒன்று உண்டு. அதன் நீர் கடல்நீரினும் பன்மடங்கு கரிப்புடையது. அதனுள் மீனும் வாழ்வதில்லை. முன்னாளில் கடல்போற் பரந்து கிடந்த அவ்வேரி இக்காலத்தில் பெரிதும் வற்றிச் சுருங்கிவிட்டது. ஏரிக்கு மேற்கே வளம் மிக்க சமவெளி. அதன்கண் திராட்சைத் தோட்டங்களும் கனிமரச் சோலைகளும் வயல்களும் நிறைந்திருக்கும். சமவெளிக்கு அப்பால் பனி மூடிய குர்து மலைகள். இடையே அமைந்த நகரமும் ஏரியின் பெயரையே தாங்கி உருமியா எனப்படும்.

இந்நகரத்திலும் இதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் நெஸ்தோரியர் என்னும் பழங்கிறித்தவ மக்கள் பல்லாயிரவர் வாழ்ந்தனர். அவர்தம் சமயநூல்கள் சுரியானி மொழியில் அமைந்தவை. நம் நாட்டின் மேற்குக் கரையில், மலையாள நாட்டில் வாழும் சிரியக் கிறித்தவருக்கும் இம்மக்களின் திருச்சபைக்கும் பண்டு நெருங்கிய தொடர்பு இருந்தது. பழமை மிக்க இத்திருச்சபையினர் அந்நாளில் நலிந்த நிலையில் இருந்தனர். வழிபாட்டில் ஓதப்பெற்ற பழஞ்சுரியானி மொழி பொதுமக்களுக்கு விளங்காது. அவர்கள் வீட்டில் பேசிய மொழிக்கோ எழுத்து வழக்கே இல்லை. ஆடவருள்ளும் படிக்கத் தெரிந்தவர் மிகச் சிலரே. பெண்டிருள் திருச்சபைத் தலைவரின் உடன்பிறந்தாள் ஒருத்தியே எழுத்தறிந்தவள் என்பர்.

அவ்வூர்ப் பெண்டிர் கதிரவன் எழுமுன் எழுவர். குழந்தையைத் தோளிற் சுமந்து வயலுக்குச் சென்று பகல் முழுதும் உழைப்பர். மாலையில் திரும்பிவந்து, தரையில் பதித்த அடுப்பில் அப்பம் சுட்டு, ஆடவர் உண்டபின் எஞ்சியதை உண்பர். கணவன் மனைவியை அடித்தல் குற்றமாகக் கருதப்படவில்லை. பெண்மக்களைப் பன்னிரண்டு பதின்மூன்று வயதிலேயே மணஞ்செய்து கொடுத்துவிடுவர். படிக்க விருப்பமா என்று அவர்களுள் ஒருத்தியை வினவினால், தான் ஒரு பெண் என்பதையே அவள் விடையாகக் கூறுவாள். அதற்கு மேல் சொல்ல வேண்டுவது ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தோன்றாது. இந்நிலை உருமியாவுக்கு மட்டும் உரியதன்று. ஔவையும் வெள்ளிவீதியும் பாடிய நம் நாட்டிலும் அக்காலத்தில் பெண்கல்வியின் நிலை இதனின் மிக வேறுபட்டதாக இருக்கவில்லை.

இத்தகைய ஊருக்குத் தன் இருபத்தாறாம் வயதில் தானே விரும்பிச் சென்று, பதினைந்து ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவர் பிதேலியா பிஸ்க் என்னும் அமெரிக்கப் பெண்மணி.

பிதேலியா 1816-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சார்ந்த ஷெல்பர்ன் என்னும் சிற்றூரில் உழவர் குடியிற் பிறந்தார். அவருக்கு மூன்று வயதானபோது அவருடைய சிற்றப்பன் முறையினரான பிளினி பிஸ்க் என்பவர் சமயத்தொண்டராகப் பாலத்தீன நாட்டுக்குப் புறப்பட்டுச் சென்றார்; 1825-இல் பெய்ரூத் நகரில் உயிர்நீத்தார். தொலைநாடு சென்று திரும்பாத அவ்வுறவினரைப் பற்றிய பேச்சு அவ்வீட்டில் அடிக்கடி நிகழ்ந்திருக்கும் அன்றோ? பிதேலியா பதினேழாம் வயதிலேயே நாட்டுப்புறப் பள்ளிகளில் ஆசிரியையாக அமர்ந்தார். பின்னர் மேலும் கற்க விரும்பி, 1839-இல் மவுண்ட் ஹோலியோக் என்னும் பெண்கள் கல்லூரியிற் சேர்ந்தார்.

அக்கல்லூரியை 1837-இல் தோற்றுவித்தவர் மேரி லயன் அம்மையார். உயர்கல்வி ஆடவர்க்கே உரியது என்று பலரும் எண்ணிய அந்நாளில், ஊர் ஊராகச் சென்று பொருள் திரட்டி அதனை நிறுவியவர் அவர். எளிய குடிப்பெண்களும் கற்கவேண்டும் என்பது அவர் நோக்கம். ஆதலால் சமைத்தல், துணி வெளுத்தல், கூடம் பெருக்குதல் ஆகிய எல்லாப் பணிகளையும் மாணவியரே முறைவைத்துச் செய்தனர், செலவும் குறைந்தது. இம்முறை பின்னர்ப் பிதேலியாவுக்கு எத்துணைப் பயன்பட்டது என்பது கீழே விளங்கும். இடையில் கொடிய காய்ச்சலால் பிதேலியாவின் படிப்புத் தடைப்பட்டது. எனினும் நலம்பெற்று மீண்டுவந்து 1842-இல் தேர்ச்சி அடைந்தார். அங்கேயே ஆசிரியையாகவும் அமர்ந்தார்.

1843-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அக்கல்லூரிக்கு இருவர் வந்தனர். ஒருவர், உருமியாவில் சமயப்பணியும் கல்விப்பணியும் புரிந்துவந்த ஜஸ்டின் பெர்க்கின்ஸ் என்னும் அமெரிக்கர். மற்றவர், நெஸ்தோரியருள் ஒரு பேராயராகிய மார் யோகன்னான் என்பார். பெர்க்கின்சுக்குச் சுரியானி மொழியைக் கற்பித்தவரே இவர்தாம். உருமியாவில் பெண்களுக்கெனச் சிறு பள்ளி ஒன்று முன்னரே இருந்தது. 1838-இல் ஜூடித் கிராண்ட் என்னும் இளம்பெண் நான்கு சிறுமியரைக் கொண்டு அதனைத் தொடங்கினார். மறு ஆண்டே இருபத்தைந்து வயதில் இறந்துபட்டார். அப்பள்ளியை ஏற்று நடத்த மணமாகாத ஆசிரியை ஒருவர் வேண்டும் என்று பெர்க்கின்ஸ் கேட்டார்.

மேரி லயன் அம்மையார் இச்செய்தியை மாணவியருக்கும் ஆசிரியையருக்கும் அறிவித்து, செல்ல விரும்புவோர் எழுதித் தருக என்றார். நாற்பது சீட்டுகள் வரையில் வந்து குவிந்தன. அவற்றுள் ஒன்று மிகச் சுருக்கமானது. தான் தகுதியுடையவள் என்று எண்ணப்படுமாயின் செல்ல இசைவதாக ஒரே வரியில் எழுதப்பட்டிருந்தது. அது பிதேலியாவின் சீட்டு. நாற்பதின்மருள் மேரி லயன் தேர்ந்தது அவரையே.

ஆயினும் அவர் உடனே புறப்பட்டுவிடவில்லை. தாயும் உற்றாரும் பெரிதும் தயங்கினர். ஷெல்பர்னுக்கும் உருமியாவுக்கும் இடையே கடலும் மலையுமாகப் பல்லாயிரம் கல் தொலைவு. அனுப்பிய கடிதத்துக்கு விடை வரப் பல திங்கள் ஆகும். சென்ற மகள் திரும்பிவருவாள் என்பதற்கும் உறுதி இல்லை. தாயின் உள்ளத்தை உணர்ந்த பிதேலியா முதலில் இப்பணியை மறுத்தே விட்டார். வேறொரு பெண்ணைத் தேட, அதுவும் கைகூடாது போயிற்று. அப்போது தம் மனம் இன்னும் அப்பணியையே நாடுகின்றது எனப் பிதேலியா மேரி லயனிடம் தெரிவித்தார். அவ்வளவில் லயன் அம்மையார் நேரே சென்று தாயைக் கண்டு பேசுவோம் என்று எழுந்துவிட்டார். ஒரு மணி நேரத்திற்குள் பனிச்சறுக்கு வண்டி ஆயத்தமாயிற்று. மேற்கூரை இல்லாத அவ்வண்டியில் ஆசிரியையும் மாணவியும் ஏறி, வழியெங்கும் மலைபோற் குவிந்திருந்த பனியைக் கடந்து முப்பது கல் தொலைவு சென்றனர். ஷெல்பர்ன் சேர்ந்தபோது இரவு மணி பதினொன்று. உறங்கியவர்களை எழுப்பிச் செய்தியைச் சொன்னார்கள்.

அங்கு மேரி லயன் சொற்போர் புரிந்து வென்றதாக எண்ணுதல் வேண்டா. அவ்வீட்டார் பலவற்றையும் எண்ணிப் பார்த்தனர், இறைவனை வேண்டினர், பின்னர்த் தாயே மகளுக்கு விடைகொடுத்தார். இவ்வரலாற்றைச் சொல்வோர் பிதேலியாவின் துணிவையே பெரிதும் பாராட்டுவர். அத்தாயின் துணிவும் அதனிற் குறைந்ததன்று.

1843 மார்ச்சு முதல் நாள் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து கப்பல் புறப்பட்டது. பெர்க்கின்சும் மார் யோகன்னானும் வேறு சில தொண்டரும் உடன் சென்றனர். ஸ்மர்னா, கான்ஸ்டாண்டிநோபிள் ஆகிய நகரங்களைக் கடந்து, கருங்கடற் கரையிலுள்ள திரெபிசோண்டில் இறங்கினர். அங்கிருந்து பாதை மலைமேல் ஏறுகின்றது. குதிரைமேல் அமர்ந்து, இரவிற் கூடாரங்களில் தங்கிச் சென்று, ஜூன் திங்களில் உருமியாவை அடைந்தனர். அக்கோடையில்தான் மலைநாட்டு நெஸ்தோரியரைக் குர்துத் தலைவர்கள் தாக்கிப் பல்லாயிரவரைக் கொன்றனர். திருச்சபைத் தலைவர் மோசுல் நகருக்கு ஓடிப் பிழைத்தார். அமைதியான காலத்தில் பிதேலியா அங்குச் செல்லவில்லை.

புதிய ஊரில் அவர் முதலிற் கற்ற சுரியானிச் சொல் மகள் என்னும் பொருளுடைய ‘பிராத்தா’ என்பது. அடுத்துக் கற்றது ‘தாருங்கள்’ என்பதற்குரிய சொல். இவ்விரண்டையும் சேர்த்தால் அவர் கேட்கவேண்டியது முழுதும் அடங்கிவிட்டது. தாய்மாரைக் கண்டபோதெல்லாம் மகளைத் தாருங்கள் என்றே கேட்டார். மொழி கற்பார் பலர் முதலில் உணவுப் பெயரும் ஊர்ப் பெயரும் கற்பது வழக்கம். இவர் கற்ற வரிசையே வேறு.

பகற்பள்ளி போதாது என்பது அவர் கருத்து. காலையில் வரும் சிறுமி நண்பகலில் வயலுக்கு அழைக்கப்படுவாள். கற்றதெல்லாம் மாலைக்குள் மறந்துபோம். ஆசிரியையுடனேயே தங்கி, உண்டு, உறங்கிக் கற்றாலன்றி அடிப்படையான மாற்றம் நேராது என்று அவர் கண்டார். இதில்தான் இடர்ப்பாடு இருந்தது. மணமாகாத பெண் பிறர் வீட்டில் இரவு தங்குதல் குடிக்குப் பழி என்பது அவ்வூர் வழக்கு. அப்பெண்ணை யார் மணப்பர் என்று பெற்றோர் அஞ்சினர். மேலும் மகள் இன்றி வயல்வேலைக்குக் கை குறையும். தங்கிப் படிக்கும் மாணவியர் அறுவருக்கு வேண்டிய பொருளுதவிக்குத் தொண்டர் குழு இசைந்தது. ஆனால் அறுவர் எங்கே?

1843 அக்டோபர் 16-ஆம் நாள் பள்ளி திறப்பதெனக் குறிக்கப்பெற்றது. அன்று காலை பகற்பள்ளிச் சிறுமியர் பதினைவர் வந்தனர். தங்கிப் படிக்க ஒருத்தியும் வரவில்லை. பிதேலியா வாயிலை நோக்கியிருந்தார். அப்போது மார் யோகன்னான் இரு கையிலும் இரண்டு சிறுமியரைப் பற்றிக்கொண்டு முற்றத்துள் நுழைந்தார். மாணவியரைத் தேடித் தருவதாக அமெரிக்காவிலேயே அவர் வாக்களித்திருந்தார். ஒருத்தி அவருடைய உடன்பிறந்தார் மகளாகிய செல்பி, ஏழு வயதினள். மற்றவள் ஹானி, பத்து வயதினள். இவர்கள் இனி உம்முடைய புதல்வியர், உம் கையினின்று இவர்களைப் பிரிப்பார் ஒருவரும் இலர் என்னும் கருத்துப்படச் சொல்லி அவ்விருவரையும் ஒப்புவித்தார். ஒரு பேராயரே தம் குடிப்பெண்ணை விடுத்தமையால் பிறருடைய அச்சமும் சிறிது தளர்ந்தது. மெல்ல மெல்ல ஆறிடமும் நிரம்பின.

தொடக்க நாளிற் பாடம் நடத்தும் நேரத்தினும் பிற பணிக்குச் செலவான நேரமே மிகுதி. குளித்தலும் தலைவாருதலும் அறியாத சிறுமியர் அவர்கள். அவர்களை நீராட்டி, தலையிலுள்ள பேன் நீக்கி, உடை தைத்துக் கொடுத்து, உண்ணும் முறை கற்பித்து, இரவில் அருகிற் கிடத்தி உறங்கச் செய்யும் பணி அனைத்தும் பிதேலியாவையே சார்ந்தது. தெருவிற்கு அவர்களைத் தனியே விடுதலும் ஆகாது. ஆசிரியையே உடன் செல்லவேண்டும். சுடாத செங்கல்லால் கட்டிய மண்வீடே பள்ளி. புத்தகங்களும் மிகுதியாக இல்லை. மக்களின் பேச்சுமொழியை எழுத்தில் அமைத்து நூல் இயற்றும் பணியைப் பெர்க்கின்ஸ் அண்மையில்தான் தொடங்கியிருந்தார். 1840-இல் அச்சுப்பொறி வந்திருந்தது. பேச்சுமொழியில் புதிய ஏற்பாடு அச்சாகியது 1846-இல். பழைய ஏற்பாடு 1852-இல். ஒரு மொழி எழுத்துருவம் பெறும் காலத்திலேயே அம்மொழிப் பெண்கள் எழுத்தறியத் தொடங்கினர் என்பது கருதத்தக்கது. பல மொழிகளில் இவ்விரண்டிற்கும் இடையே பன்னூறாண்டு கழிந்திருக்கின்றது.

அறியாமையினும் பெருந்துன்பம் தந்தவை பொய்யும் களவும் ஆகும். வீட்டிற் கைக்கு எட்டியதை எடுத்து மறைத்தல் அச்சிறுமியர்க்குப் பழகிப்போன செயல். ஒரு நாள் பிதேலியாவின் ஊசிமெத்தையில் செருகியிருந்த புதிய கருநிறக் குண்டூசிகள் ஆறும் காணாமற் போயின. அந்நாளில் அங்குக் குண்டூசி கிடைத்தற்கு அரிய பொருள். எல்லோரையும் கேட்டார், எல்லோரும் அறியோம் என்றனர். ஆண்டவன் அறிவான் என்று கூறித் தேடியபோது, அழுத்தந்திருத்தமாக மறுத்தவளின் தலைக்குல்லாயிலேயே ஆறும் இருந்தன. அவர் அவளை அடித்தாரல்லர்; பள்ளியை விட்டு விலக்கவும் இல்லை. அந்நிகழ்ச்சி மற்றச் சிறுமியர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. சில ஆண்டுகளுக்குப்பின் அப்பள்ளியிற் பூட்டுக்கு வேலை குறைந்துவிட்டது.

எதிர்ப்பும் எழாமல் இல்லை. திருச்சபைத் தலைவரின் குடும்பத்தார் சிலர் பகைத்தமையால் ஒரு சமயம் பள்ளியை நிறுத்தி மாணவியரை வீட்டுக்கு அனுப்பவும் நேர்ந்தது. அழுதுகொண்டே சென்றனர் என்று எழுதியிருக்கின்றனர். பள்ளிக்கு வரமறுத்த மக்கள் நான்கு திங்களில் அதனைப் பிரியமறுத்து அழுவதை உலகெங்கும் காணலாம். எதிர்ப்புத் தணிந்ததும் பள்ளி மீண்டும் தொடங்கியது. 1847-இல் மவுண்ட் ஹோலியோக்கிலிருந்தே மேரி சூசன் ரைஸ் என்னும் மற்றோர் ஆசிரியை வந்து துணைநின்றார். மாணவியர் தொகையும் பெருகிற்று. சமையலும் துப்புரவும் மாணவியரே முறைவைத்துச் செய்யும் மவுண்ட் ஹோலியோக் வழக்கம் உருமியாவிலும் நிலைபெற்றது. மகள் பள்ளிக்குச் சென்றால் வீட்டுவேலை மறந்துவிடுவாள் என்று அஞ்சிய தாய்மார்க்கு இஃது ஒன்றே தக்க விடையாயிற்று.

பிதேலியா சமயத்தொண்டர், தம் சமயக் கொள்கையைப் பரப்புதலும் அவருடைய நோக்கமே. இதனை மறைத்துக் கூறுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. பள்ளியில் மறைநூலே தலைமைப் பாடம். அவர் நெஸ்தோரியரின் பழைய சடங்குகளிற் பலவற்றை ஏற்றுக்கொண்டவரும் அல்லர். பழந்திருச்சபையினர் சிலர் அதுபற்றி வருந்தியதும் இயல்பே. ஆயினும் எழுத்தறிந்த மாணவி விடுமுறையில் ஊர் திரும்பி, தன் தாயின் அருகே அமர்ந்து படித்துக் காட்டியபோது, அத்தாய் கண்டது கொள்கைப் பூசலை அன்று. பேராசிரியர் பலர் எழுதிய நூல்களினும் அக்காட்சி அவ்வூரில் பெரிதும் பேசியது. ஆடவர் பள்ளியிற் பயின்ற இளைஞர் பலர் எழுத்தறிந்த பெண்ணையே மணக்க விரும்பலாயினர். அப்பெண்களும் தத்தம் சிற்றூர்களில் பள்ளி வைத்துக் கற்பித்தனர். படித்த பெண்ணை யார் மணப்பர் என்னும் பழைய கேள்வி இவ்வாறு தானே மறைந்தது.

வாரந்தோறும் அவர் சிற்றூர்களுக்குச் சென்று பெண்டிரைக் கூட்டி உரையாடுவார். கோக் தெப்பே என்னும் ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், கோயிலின் மண்தரையில் விரித்த பாயின்மேல் அமர்ந்திருந்தார். காலைமுதல் ஓயாத உழைப்பு. சாய்ந்துகொள்ளச் சுவரும் அருகில் இல்லை. அவர் உடல் தளர்வதைக் கண்ட ஊர்ப்பெண் ஒருத்தி ஓசையின்றி எழுந்து வந்து, அவர் முதுகுக்குப் பின்னே தன் முதுகை வைத்து அமர்ந்து, சாய்ந்துகொள்ளுமாறு சொன்னாள். பிதேலியா அவளுக்குப் பாரமாகாதவாறு சிறிதே சாய்ந்தார். அவள் அதனை ஏற்கவில்லை. தன்மேல் அன்பு இருந்தால் நன்றாக அழுத்திச் சாயவேண்டும் என்றாள். அவர் அப்படியே சாய்ந்தார். கொடுப்பவராகவே இருந்து பழகியவர்க்குப் பிறரிடம் பெற்றுக்கொள்ளுதல் எளிதன்று. அதனை அவருக்குக் கற்பித்தவள் அவ்வூர்ப் பெண்ணே.

பதினைந்து ஆண்டு உழைப்பில் பிதேலியாவின் உடல்நலம் கெட்டது. 1858-இல் அவர் உருமியாவை விட்டுத் தாயகம் திரும்ப நேர்ந்தது. நலம்பெற்று மீண்டும் செல்லவேண்டும் என்னும் விருப்பம் நிறைவேறவில்லை. பள்ளியை ரைஸ் அம்மையார் தொடர்ந்து நடத்தினார். பின்னாளில் அது பிஸ்க் பள்ளி என்றே பெயர்பெற்று முதல் உலகப்போர்க் காலம் வரையில் நிலவியது. அப்போரில் அச்சமவெளி பெருங்கொடுமைக்கு உள்ளாகியது. 1918-ஆம் ஆண்டுக் கோடையில் அம்மக்கள் திரள் திரளாக ஊரைவிட்டுத் தெற்கு நோக்கி ஓடினர்; வழியில் மாண்டவர் மிகப் பலர். இன்று அசிரியர் என வழங்கும் அவர்களின் வழியினர் ஈரானிலும் ஈராக்கிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சிதறி வாழ்கின்றனர்.

தாயகத்திலும் பிதேலியா ஓய்ந்திருக்கவில்லை. ஊர்களுக்குச் சென்று உருமியாவைப் பற்றிப் பேசினார்; மவுண்ட் ஹோலியோக் மாணவியரிடையே சிலகாலம் தங்கிப் பணிபுரிந்தார். மேரி லயன் அம்மையார் 1849-லேயே மறைந்துவிட்டார். அவரைப் பற்றிய நினைவுகளைத் தொகுத்து நூலாக்கும் பணியைப் பிதேலியா மேற்கொண்டார். அந்நூல் அச்சேறுமுன்னரே, 1864 ஜூலைத் திங்களில், தாம் பிறந்த ஷெல்பர்னில் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. நூல் 1866-இல் வெளிவந்தது.